ஏற்பி யாரோடு உட்கார்கிறது? அணுக்கரு ஹார்மோன் ஏற்பிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல் வகுப்பில் வருடா வருடம் மாணவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "ஹார்மோன் சாவி, ஏற்பி பூட்டு" என்று பிளஸ் டூவில் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். அணுக்கரு ஏற்பிப் பாடம் வந்ததும் அந்தப் பூட்டும் சாவியும் கைகொடுப்பதில்லை. ஒரே மாத்திரை மார்பகத்தில் மரபணுவை அடக்குகிறது, கருப்பையில் அதையே தூண்டுகிறது. ஹார்மோன் வராத நேரத்திலும் ஏற்பி சும்மா இருப்பதில்லை. இது ஏன் என்று வகுப்பில் கேட்டவர்களும், கையில் மருந்துச் சீட்டோடு வந்து கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்துவதும் மாற்றுவதும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான். அதற்கு இந்தப் பக்கம் போதாது.

அணுக்கரு ஏற்பி என்றால் என்ன?

இன்சுலின், அட்ரினலின் போன்றவை செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்று செல்சவ்வில் இருக்கும் ஏற்பியைத் தட்டும். சேதி உள்ளே கைமாறிக் கைமாறிப் போகும். கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டீரோன், தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் ஆகியவை அப்படியில்லை. சின்ன மூலக்கூறுகள், கொழுப்பில் கரைபவை, நேராகச் செல்லுக்குள்ளேயே போய்விடும். (தைராய்டு ஹார்மோனுக்கு மட்டும் சவ்வைத் தாண்டக் கடத்திப் புரதம் வேண்டும்.) உள்ளே அவற்றைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான் அணுக்கரு ஏற்பி. ஹார்மோனைப் பிடிப்பதும், டி.என்.ஏ.வில் போய் உட்காருவதும், மரபணுவைப் படியெடுக்க ஆள் கூட்டுவதும் எல்லாம் அந்த ஒரே புரதம்தான். மனித மரபணுத் தொகுதியில் இந்தக் குடும்பத்துக்கு 48 உறுப்பினர்கள்.

1950-களில் ஈஸ்ட்ரோஜன் ஏதோ நொதியால் மாற்றப்பட்டுத்தான் வேலை செய்கிறது என்று பலரும் நம்பினார்கள். சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ட்ரிடியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) சேர்த்த எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனைப் பெண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கருப்பை அதை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. மூலக்கூறோ கொடுத்தபடியே இருந்தது. அப்படியானால் அதைப் பிடித்துவைக்க அங்கே ஒன்று இருந்தாக வேண்டும். அந்த 'ஒன்று' எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்பது 1985, 86 வாக்கில் ரொனால்ட் எவன்ஸ், பியர் ஷாம்போன் போன்றவர்களின் ஆய்வகங்களில் தெரியவந்தது. 2004-இல் மூவருக்கும் சேர்த்து லாஸ்கர் மருத்துவ விருது கொடுத்தார்கள்.

ஹார்மோன் பட்டதும் மரபணு விழித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தவர் உண்டா?

உண்டு, அதுவும் ஏற்பி என்ற புரதத்தை யாரும் பிரித்தெடுப்பதற்கு முன்பே. 1954-இல் புட்டெனான்ட், கார்ல்சன் இருவரும் பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்கள் 500 கிலோவை அரைத்து, அதிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தார்கள். பூச்சி தோலுரிப்பதற்கான ஹார்மோன் அது. 1960-இல் க்ளெவரும் கார்ல்சனும் அதைக் கைரோனோமஸ் என்ற கொசுபோன்ற ஈயின் புழுவுக்குள் செலுத்தினார்கள். அந்தப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் ஆயிரக்கணக்கான பிரதிகள் ஒட்டிய தடித்த கயிறு போல இருக்கும், சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். ஹார்மோன் போன கொஞ்ச நேரத்தில் அந்தக் கயிற்றில் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் பூரி மாதிரி உப்பின. உப்பிய இடத்தில் மரபணு படியெடுக்கப்படுகிறது. முதலில் சில இடங்கள் உப்பும், அவை அடங்கும்போது வேறு சில உப்பத் தொடங்கும். முதல் வரிசை மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் இரண்டாம் வரிசையைக் கிளப்பி விடுகின்றன என்பது அதிலிருந்தே ஊகிக்கப்பட்டது.

அந்தப் பூச்சி ஏற்பியும் தனியாக வேலை செய்வதில்லை. அதன் ஜோடி யார் என்று கீழே ஆர்.எக்ஸ்.ஆர். பற்றிய பதிலில் வருகிறது.

ஏற்பி எப்படி இருக்கும்?

நடுவில் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி. அதில் இரண்டு 'துத்தநாக விரல்கள்'. ஒவ்வொரு துத்தநாக அணுவையும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நான்கு கவ்விப் பிடித்திருக்கும். பின்பக்கம் ஹார்மோன் உட்காரும் பை. ஏறத்தாழ 12 சுருள்கள் சேர்ந்து கட்டிய கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே வளையக்கூடிய ஒரு கீல். முன்பக்கம் ஒரு வால், ஏற்பிக்கு ஏற்பி நீளம் மாறும்.

இதில் கடைசிச் சுருளான 12-ஆவதை மட்டும் மறக்காதீர்கள். மருந்துக் கடையில் விற்கும் பல மாத்திரைகள் கடைசியில் அந்தச் சுருள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் மாற்றுகின்றன.

எந்த மரபணுவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

டி.என்.ஏ.வில் ஆறெழுத்துச் சொல் ஒன்று: ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை தேடுவது இதையோ இதற்கு மிக நெருங்கியதையோதான். கார்டிசால் ஏற்பியும் டெஸ்டோஸ்டீரோன் ஏற்பியும் கொஞ்சம் மாறி ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ என்று தேடும். இங்கே மாணவர்கள் சரியாகவே மடக்குவார்கள்: "எல்லாரும் ஒரே சொல்லைத் தேடினால் குழப்பம் வராதா சார்?" வரத்தான் செய்யும், ஒரு சொல்லோடு நின்றால். ஆனால் பெரும்பாலான ஏற்பிகள் ஜோடியாகவே உட்காரும். ஆளுக்கு ஒரு சொல் வேண்டும். அந்த இரண்டு சொற்களும் எந்தத் திசையில், எவ்வளவு இடைவெளியில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதில்தான் முகவரி இருக்கிறது.

கார்டிசால், ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டுகளின் ஏற்பிகள் தன் இனத்தோடேயே ஜோடி சேரும். அவை இரண்டும் எதிரெதிராக முகம் பார்த்து உட்காருவதால், சொற்களும் எதிரெதிராக, நடுவே மூன்றெழுத்து இடைவெளி விட்டு இருக்கும். நம் மாலைமாற்று மாதிரிதான். என்ன, 'விகடகவி' ஒரே வரியைத் திருப்பிப் படித்தால் வரும், டி.என்.ஏ.வில் எதிர் இழையைத் திருப்பிப் படித்தால் வரும்.

இன்னொரு கூட்டம் பேருந்து இருக்கை போல ஒருவர் பின் ஒருவராக உட்காரும். அங்கே சொல் ஒரே திசையில் இரண்டு தடவை வரும். நடுவில் மூன்றெழுத்து இடைவெளி என்றால் வைட்டமின் டி ஏற்பிக்கான இடம், நான்கு என்றால் தைராய்டு, ஐந்து என்றால் ரெட்டினாயிக் அமிலம். 1991-இல் எவன்ஸ் ஆய்வகம் சொன்ன '3-4-5 விதி' இது. ஓர் எழுத்து கூடினால் இரட்டைச் சுருள் ஏறத்தாழ 36 பாகை திரும்பிவிடும். ஜோடியில் இருவரும் தோளோடு தோள் உரசும் கோணமே மாறிவிடும். விதிக்கு விலக்குகள் நிறைய உண்டு. ஆனாலும் ஓர் எழுத்துத் தள்ளினால் ஆளே மாறுகிறார் என்ற அந்த எளிமை எனக்கு இன்னும் வியப்புதான்.

ஆர்.எக்ஸ்.ஆர். என்ற பெயர் எல்லாப் படத்திலும் வருகிறதே, அது யார்?

ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பி. 1990-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மேலே சொன்ன வைட்டமின் டி, தைராய்டு, ரெட்டினாயிக் அமில ஏற்பிகள் பெரும்பாலும் தங்களுக்குள் ஜோடி சேருவதில்லை. எல்லாவற்றுக்கும் ஜோடி ஆர்.எக்ஸ்.ஆர்.தான். கொழுப்பைக் கவனிக்கும் பி.பி.ஏ.ஆர்., கொலஸ்டிராலைக் கவனிக்கும் எல்.எக்ஸ்.ஆர்., பித்த அமிலத்தைக் கவனிக்கும் எஃப்.எக்ஸ்.ஆர். ஆகியவற்றுக்கும் அதுவே. பூச்சியின் எக்டைசோன் ஏற்பிக்கும் ஜோடி ஆர்.எக்ஸ்.ஆரின் பங்காளிதான்; அங்கே அதன் பெயர் மட்டும் வேறு.

ஜோடிக்குள் அதிகாரம் ஒரே மாதிரி இல்லை. பி.பி.ஏ.ஆர்., எல்.எக்ஸ்.ஆர்., எஃப்.எக்ஸ்.ஆரோடு சேர்ந்திருக்கும்போது இரண்டு பேரில் யாருடைய ஹார்மோன் வந்தாலும் மரபணு எழும். தைராய்டு ஏற்பியோடோ வைட்டமின் டி ஏற்பியோடோ சேர்ந்தால் ஆர்.எக்ஸ்.ஆர். பெரும்பாலும் வாய் திறப்பதில்லை, துணையின் ஹார்மோன் வந்தால்தான் வேலை நடக்கும்.

உட்காரும் வரிசையும் கணக்கில் வரும். ஐந்தெழுத்து இடைவெளியில் ஆர்.எக்ஸ்.ஆர். முன் இருக்கையிலும் ரெட்டினாயிக் அமில ஏற்பி பின் இருக்கையிலும் இருக்கும். ஹார்மோன் வந்தால் மரபணு தூண்டப்படும். ஓரெழுத்து இடைவெளியில் இருவரும் இடம் மாறி உட்காருகிறார்கள். அப்போது ஹார்மோன் வந்தாலும், மரபணுவை அடக்கி வைக்கும் துணைப் புரதங்கள் (அடுத்த பதிலில் வருகின்றன) விலகுவதில்லை என்று 1995-இல் காட்டினார்கள். அதே இரண்டு புரதம், அதே ஹார்மோன். இருக்கை மட்டும் மாறியிருக்கிறது.

எல்லோருக்கும் பொதுவான ஆளைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். தோலில் வரும் ஒருவகை டி-செல் லிம்போமாவுக்கு பெக்சரோட்டீன் என்ற மருந்து உண்டு, ஆர்.எக்ஸ்.ஆரைத் தூண்டுவது. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ட்ரைகிளிசரைடு எகிறும், பிட்யூட்டரியில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ஹார்மோனின் மரபணு அடங்கித் தைராய்டு குறையும். இரண்டும் அவ்வளவு அடிக்கடி வருவதால், தைராய்டு மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் கூடவே கொடுப்பது வழக்கம். இன்னொன்று கடலிலிருந்து. கப்பல் அடிப்பாகத்தில் பாசி, கொட்டலசு ஒட்டாமலிருக்க ட்ரைபியூட்டைல் டின் கலந்த வண்ணம் பூசினார்கள். துறைமுகப் பக்கத்துக் கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண்குறி முளைத்தது. அந்த வேதிப்பொருள் நத்தையின் ஆர்.எக்ஸ்.ஆரில் போய் உட்காருகிறது என்று 2004-இல் தெரிந்தது. 2008 முதல் உலக அளவில் அந்த வண்ணத்துக்குத் தடை.

ஹார்மோன் வராத நேரத்தில் ஏற்பி என்ன செய்யும்?

இரண்டு வகை. கார்டிசால் ஏற்பி செல்லின் சைட்டோபிளாசத்தில், ஹெச்.எஸ்.பி.90 போன்ற துணைப் புரதங்களின் பிடியில் காத்திருக்கும். ஹார்மோன் வந்த சில நிமிடங்களில் அணுக்கருவுக்குள் போய்விடும்.

தைராய்டு ஏற்பி அப்படிக் காத்திருக்காது. ஹார்மோன் வந்தாலும் வராவிட்டாலும் டி.என்.ஏ.வில் தன் இடத்தில் உட்கார்ந்தே இருக்கும். ஹார்மோன் இல்லையென்றால் என்.கோர், ஸ்மர்ட் என்ற இணை அடக்கிகளை (மரபணுவை அடக்கும் துணைப் புரதங்களை)ப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். இரண்டும் 1995-இல் அடையாளம் காணப்பட்டவை. அவை ஹிஸ்டோன்களிலிருந்து (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்கள்) அசிட்டைல் குழுக்களை நீக்கும் நொதியைக் கூட்டி வரும், டி.என்.ஏ. இறுகச் சுற்றிக்கொள்ளும், மரபணு உறங்கும். ஆக, தைராய்டு குறைபாடு என்பது 'தூண்டல் இல்லை' என்பதோடு நிற்பதில்லை. அங்கே ஓர் அடக்குமுறை முழு மூச்சாக நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று எலியில் செய்தது. தைராய்டு சுரப்பியே வளராத எலிக்குட்டி பால் மறக்கும் வயதில் இறந்துவிடும். அதே எலியில் தைராய்டு ஏற்பியின் ஆல்ஃபா வகையையும் நீக்கிவிட்டால் பிழைத்துக்கொள்கிறது! ஹார்மோன் இல்லாத ஏற்பி இருப்பதைவிட ஏற்பியே இல்லாதது மேல்.

தவளைக்குஞ்சிலும் இதே கதை. 1912-இல் குடெர்நாட்ச் குதிரையின் தைராய்டைத் தலைப்பிரட்டைகளுக்குத் தின்னக் கொடுத்தார். அவை காலத்துக்கு முன்பே, பொடிப்பொடித் தவளைகளாக மாறின. வால் கரைவதும் கால் முளைப்பதும் ஒரே ஹார்மோனின் வேலை. ஹார்மோன் சுரக்காத இளம் பருவத்தில், தைராய்டு ஏற்பியும் ஆர்.எக்ஸ்.ஆரும் சேர்ந்து அந்த மரபணுக்களை அமுக்கி, 'இன்னும் வளரு, அப்புறம் மாறலாம்' என்று நிறுத்தி வைக்கின்றன. ஆல்ஃபா ஏற்பியை நீக்கிய தலைப்பிரட்டையில் கால் மொட்டு சீக்கிரமே வளரத் தொடங்குகிறது.

மனிதரில், தைராய்டு பீட்டா ஏற்பியில் திரிபு உள்ள குடும்பங்கள் உண்டு. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடுதலாக இருக்கும், ஆனால் டி.எஸ்.ஹெச். குறைந்திருக்காது. 1967-இல் முதலில் விவரிக்கப்பட்டது. இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே நோய் வரும். ஏனென்றால் கெட்டுப்போன ஏற்பி ஒதுங்கி நிற்பதில்லை. ஜோடி சேர்ந்து, டி.என்.ஏ.வில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அடக்கியை விடாமல் உட்கார்ந்திருக்கும். நல்ல ஏற்பிக்கு இடம் கிடைக்காது.

ஹார்மோன் வந்த பிறகு?

ஹார்மோன் பைக்குள் இறங்கியதும் 12-ஆவது சுருள் மடங்கி வந்து மூடி போலப் படியும். அதனால் மேற்பரப்பில் ஒரு பள்ளம் உருவாகும். இணை அடக்கிக்கு அங்கே பிடிப்பு போய்விடும். இணை ஊக்கிக்குப் பிடிப்பு கிடைக்கும். முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இணை ஊக்கி எஸ்.ஆர்.சி.-1, பெர்ட் ஓ'மாலியின் ஆய்வகம், 1995. இந்த ஊக்கிகளில் 'லியூசின், ஏதோ இரண்டு, லியூசின், லியூசின்' என்ற அமினோ அமில வரிசையில் ஒரு குட்டிச் சுருள் வரும். பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்துவது அதுதான். பிறகு ஹிஸ்டோனை அசிட்டைலேற்றும் நொதிகள், டி.என்.ஏ.வைத் தளர்த்தும் இயந்திரங்கள், மீடியேட்டர் என்ற இடைத்தரகர்ப் புரதக் கூட்டம், கடைசியாக மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்று வரிசையாக வந்து சேரும்.

படத்தில் இதெல்லாம் கல்யாணப் போட்டோ மாதிரி அசையாமல் நிற்கும். உண்மையில் அப்படியில்லை. ஒளிரும் புரதம் ஒட்டிய கார்டிசால் ஏற்பியை உயிருள்ள செல்லில் 2000-இல் பார்த்தபோது, அது டி.என்.ஏ.வில் சில நொடிகள்தான் தங்குகிறது என்று தெரிந்தது. ஒன்று எழுந்தால் இன்னொன்று உட்காரும். பந்தி நடந்துகொண்டே இருக்கிறது, ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரே ஹார்மோன் ஒவ்வொரு உறுப்பிலும் ஏன் வேறு வேறு வேலை செய்கிறது?

முதல் காரணம், செல்லுக்குச் செல் டி.என்.ஏ.வின் திறந்த பகுதிகள் வேறு. ஏற்பியின் முகவரிச் சொல் மரபணுத் தொகுதியில் லட்சக்கணக்கான இடங்களில் இருக்கும். பெரும்பாலானவை இறுக்கச் சுருட்டப்பட்ட பகுதிகள். முன்கூட்டியே போய்த் திறந்து வைக்கும் 'முன்னோடிப் புரதங்கள்' உண்டு. மார்பக செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு ஃபாக்ஸ்-ஏ1 அந்த வேலையைச் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தன் வழக்கமான இடங்களில் பெரும்பாலும் உட்காருவதே இல்லை.

இரண்டாவது, எந்த இணைப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பது. இங்கேதான் டமாக்சிஃபென். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் மாத்திரை. ஏற்பியின் பையில் உட்காரும், ஆனால் அதன் பக்கவாட்டுக் கை ஒன்று பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் 12-ஆவது சுருள் சரியாக மூட முடியாமல் தள்ளாடி, இணை ஊக்கி உட்கார வேண்டிய அதே பள்ளத்தில் தானே விழுந்து அடைத்துக்கொள்ளும். 1998-இல் வந்த படிக அமைப்பில் இது தெளிவாகத் தெரிந்தது. மார்பகத்தில் மரபணு அடங்குகிறது.

கருப்பை உட்சுவரில் அதே டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்கிறது. அங்கே எஸ்.ஆர்.சி.-1 கூடுதல், ஏற்பியின் முன்வால் வழியாகவும் அது ஒட்ட முடியும், பள்ளம் அடைபட்டாலும் வேலை ஓரளவு நடந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்றவர்களுக்கு, இரத்தப்போக்கு இருந்தால் உடனே சொல்லச் சொல்கிறார்கள். கருப்பைப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடுகிறது. மாதவிடாய் நின்றவர்களின் எலும்புக்கோ அது ஈஸ்ட்ரோஜன் போலவே நல்லது செய்கிறது. 'ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்து' என்று ஒற்றை வார்த்தையில் சொல்வது எனக்கு ஒப்பாததற்கு இதுதான் காரணம்.

பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ்' என்று இருக்கிறது. சிகிச்சை ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கத்தானே? பி.ஆர். எதற்கு?

ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பி.ஆர். என்பது ப்ரொஜெஸ்டிரோன் ஏற்பி. பி.ஆரின் மரபணுவையே எழுப்புவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான். கட்டியில் பி.ஆர். நிறையத் தெரிகிறது என்றால், அங்குள்ள ஈ.ஆர். பெயருக்கு இல்லை, உண்மையிலேயே வேலை செய்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அதற்காகத்தான் நெடுங்காலமாக இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2015-இல் கதை இன்னும் ஒரு படி போனது. ப்ரொஜெஸ்டிரோன் கிடைத்த பி.ஆர்., ஈ.ஆரோடு ஒட்டிக்கொண்டு அதை டி.என்.ஏ.வில் வேறு இடங்களுக்கு இழுத்துப் போகிறது என்று புற்றுநோய் செல்களில் காட்டினார்கள். புது இடங்களில் எழும் மரபணுக்கள் செல்லின் பெருக்கத்தைக் குறைப்பவை. ஈ.ஆர். பிறப்பித்த பிள்ளையே பெற்றவரின் போக்கைத் திருப்புகிறது.

டி.என்.ஏ.வைத் தொடாமலே ஏற்பியால் மரபணுவை அடக்க முடியுமா?

முடியும். டெக்சாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் வீக்கத்தைக் குறைப்பதில் ஒரு பங்கு இப்படித்தான். கிருமியோ காயமோ வந்தால் என்.எஃப்.-கப்பா-பி, ஏ.பி.-1 என்ற புரதங்கள் போய் அழற்சி மரபணுக்களை எழுப்பும். கார்டிசால் ஏற்பி தன் முகவரிச் சொல் இல்லாத இடத்திலும், அந்தப் புரதங்களின் தோளைப் பற்றிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கும்.

1998-இல் ஒரு எலி உருவாக்கினார்கள். அதன் கார்டிசால் ஏற்பி ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வில் உட்கார முடியாதபடி ஓர் அமினோ அமிலம் மாற்றப்பட்டது. ஏற்பியே இல்லாத எலி நுரையீரல் முதிராமல் பிறந்தவுடன் இறக்கும். இந்த எலியோ வளர்ந்து பெரிதானது. உடனே ஒரு நம்பிக்கை பிறந்தது: நல்ல விளைவு எல்லாம் தோளைப் பற்றுவதால், சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது எல்லாம் டி.என்.ஏ.வில் உட்காருவதால், முதலாவதை மட்டும் செய்யும் மருந்து கண்டுபிடித்துவிட்டால் பக்கவிளைவு இல்லாத ஸ்டீராய்டு கிடைத்துவிடும்! இத்தனை வருடம் ஆகியும் அப்படி ஒன்று கடைக்கு வரவில்லை. கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை: அழற்சியைத் தணிக்கும் புரதங்கள் சிலவற்றை ஏற்பி டி.என்.ஏ.வில் உட்கார்ந்துதான் உண்டாக்குகிறது.

கோவிட் காலத்தில் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, 2020. தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. அழற்சிப் புரதங்கள் வெறியாட்டம் ஆடும்போதுதான் அவற்றின் தோளைப் பற்ற ஆள் வேண்டும். அதற்கு முன்பே கொடுத்தால் வைரஸை எதிர்க்கும் படையைக் கட்டிப்போட்டது போல ஆகும்.

ஒரு ஹார்மோன் தவறிப்போய் வேறு ஏற்பியில் உட்கார்ந்துவிடாதா?

உட்காரும். சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோன் ஏற்பிக்குக் கார்டிசாலும் அதே அளவு பிடிக்கும். இரத்தத்தில் கார்டிசால் நூறு மடங்குக்கும் மேல். அப்படிப் பார்த்தால் ஆல்டோஸ்டீரோனுக்கு இடமே கிடைக்கக்கூடாது. சிறுநீரகச் செல் இதற்கு வாசலில் ஓர் ஆள் போட்டிருக்கிறது: உள்ளே வரும் கார்டிசாலை ஏற்பியில் ஒட்டாத கார்டிசோனாக மாற்றிவிடும் நொதி.

நம் நாட்டு மருந்துக் கடை அதிமதுரம் அந்த ஆளைத்தான் மயக்குகிறது. அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் மாறி அந்த நொதியைத் தடுக்கும். கார்டிசால் தடையில்லாமல் ஏற்பியில் உட்காரும். உப்பும் நீரும் தங்கும், இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தொண்டைக் கட்டுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் கஷாயமாகவோ பொடியாகவோ வாரக்கணக்கில் சாப்பிடுகிறவர், அதுவும் பி.பி. மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவர், டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். "மூலிகைதானே" என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

வைட்டமின் டி ஹார்மோனா, வைட்டமினா?

வேலையைப் பார்த்தால் ஹார்மோன். தோலில் உருவாகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறி, தனக்கான அணுக்கரு ஏற்பியில் உட்கார்ந்து குடலில் கால்சியம் உறிஞ்சும் புரதங்களின் மரபணுக்களை எழுப்புகிறது.

ஓர் ஏற்பி இன்னொன்றை நேரடியாக அடக்குவது உண்டா?

கல்லீரலில் பார்க்கலாம். கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றும் முதல் நொதியின் மரபணுவை எல்.ஆர்.ஹெச்.-1 என்ற ஏற்பி எழுப்பி வைத்திருக்கும். பித்த அமிலம் அளவுக்கு மீறினால் அது எஃப்.எக்ஸ்.ஆரில் உட்காரும். எஃப்.எக்ஸ்.ஆர்., ஆர்.எக்ஸ்.ஆரோடு சேர்ந்து ஷிப் என்ற மூன்றாவது ஏற்பியை உண்டாக்கச் செய்யும். இந்த ஷிப் ஒரு விசித்திரப் பிறவி, அதற்கு டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதியே கிடையாது. நேரே போய் எல்.ஆர்.ஹெச்.-1 மேல் ஏறி உட்கார்ந்து அதன் வாயை மூடிவிடும். பித்த அமில உற்பத்தி குறையும். 2000-இல் இரண்டு குழுக்கள் இதை ஒரே நேரத்தில் வெளியிட்டன. குடலிலிருந்து வரும் இன்னொரு ஹார்மோனும் இதே வேலைக்கு உதவுகிறது என்று பிறகு தெரிந்தது.

காசநோய் மாத்திரை சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை பலிக்காது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அந்த ரிஃபாம்பிசின்தான் காரணம். அது பி.எக்ஸ்.ஆர். என்ற அணுக்கரு ஏற்பியில் உட்காரும். இந்த ஏற்பியின் பை பெரியது, வளைந்து கொடுப்பது. ஒரே ஹார்மோனுக்கென்று இல்லாமல், உடலுக்கு அந்நியமான பலவகைப் பொருளையும் மோப்பம் பிடிக்கும். ஆர்.எக்ஸ்.ஆரோடு ஜோடி சேர்ந்து, கல்லீரலிலும் குடலிலும் சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதியைக் குவிக்கும். அந்த நொதி ரிஃபாம்பிசினை விட்டுவிட்டு, கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்களையும், இன்னும் எத்தனையோ மருந்துகளையும் வேகமாகச் சிதைத்து வெளியேற்றும். மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் கர்ப்பம் தரிப்பது இப்படித்தான். காசநோய் மருந்தை நிறுத்திய பிறகும் நொதி பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். காசநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பெண்கள் காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழியைக் கேட்டு வாங்கலாம்.

ஜோடியில் வந்த கோளாறைச் சரிசெய்து ஒரு நோயைக் குணப்படுத்தியதுண்டா?

இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை, அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கீமியா. 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் ரெட்டினாயிக் அமில ஏற்பி பி.எம்.எல். என்ற வேறு புரதத்தோடு ஒட்டிப் பிறக்கும். இந்தக் கலப்புப் புரதம் இணை அடக்கிகளை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதால், உடலில் இயல்பாக உள்ள ரெட்டினாயிக் அமிலத்தால் அவற்றைப் பிரிக்க முடியாது. வெள்ளணுக்கள் முதிராமல் பாதியிலேயே நின்று பெருகும். ஒரு காலத்தில் இரத்தக்கசிவால் நாட்கணக்கில் உயிர் போகும் நோய்.

1988-இல் ஷாங்காய் மருத்துவர்கள் 24 நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலத்தை மாத்திரையாகவே கொடுத்த முடிவை வெளியிட்டார்கள். மருந்தளவுக்கு ஏற்றினால் அடக்கிகள் கழன்றன. புற்றுச் செல்கள் கொல்லப்படாமல் முதிர்ந்து, சாதாரண வெள்ளணு போல வாழ்ந்து மடிந்தன. அந்த அதிசயம் நடந்தபோது கலப்புப் புரதம் என்ன என்பதே யாருக்கும் தெரியாது. சில வருடம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. பிறகு ஆர்சனிக் ட்ரையாக்சைடு சேர்ந்தது, அது பி.எம்.எல். பகுதியைப் பிடித்துக் கலப்புப் புரதத்தையே அழிக்கும். அபாயம் குறைந்த நோயாளிகளில் இன்று 90 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள்.

'ஹார்மோனைச் சமன்படுத்தும்' பொடி விளம்பரங்களை நம்பலாமா?

எந்த ஹார்மோன், எந்த ஏற்பி, எந்த உறுப்பு என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் எலியில் பார்த்துவிட்டு மனிதருக்குச் சொல்லலாமா?

டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி எலிக்கும் நமக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹார்மோன் பையில்தான் ஏமாறுவோம். ரிஃபாம்பிசின் மனித பி.எக்ஸ்.ஆரை நன்றாகத் தூண்டும், எலியுடையதை அசைக்கக்கூட முடியாது; எலியில் வேலை செய்யும் ஒரு செயற்கை ஸ்டீராய்டு மனிதரில் ஒன்றும் செய்யாது. 2000-இல் எலியின் பி.எக்ஸ்.ஆரை எடுத்துவிட்டு அதன் கல்லீரலில் மனிதருடையதை வைத்துப் பார்த்தார்கள். அந்த எலியின் கல்லீரல் ரிஃபாம்பிசினுக்கு நம்முடையது போலவே நொதியைக் குவித்தது.